குழூஉக்குறியும் கணிப்பொறியும்

பொற்கொல்லர் தம்முள் பொன்னைப் 'பறி' என்று வழங்குவர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். இவற்றைக் குழூஉக்குறி எனப் பெயரிட்டு, இலக்கண நூலார் தகுதிவழக்கின்பாற் படுத்தனர். ஒரு கூட்டத்தார் பிறர் அறியாவண்ணம் தமக்குள் இட்டு வழங்கும் பெயர் என்பது இதன் பொருள். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இப்பகுதியைப் பாடங்கேட்ட காலத்து, இது பண்டைக் கடைத்தெருவின் வழக்கம் என்றும், தேர்வு விடைத்தாளிலன்றிப் பிறிதோரிடத்தில் இதனால் எமக்குப் பயன் விளையாது என்றும் எண்ணியிருந்தோம். எம் துறையில் இருக்கும் பழைய கணிப்பொறியொன்று அவ்வெண்ணத்தை அடியோடு மாற்றிவிட்டது.

நிகழ்ந்தது இது. எம் கல்லூரி ஆண்டு மலரின் பழந்தொகுதிகள் தொட்டால் ஒடியும் நிலையில் உள்ளன. அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் காக்கும் பணியை மாணவராகிய யாம் மேற்கொண்டிருந்தோம். அதற்குக் கிடைத்த ஸ்கேனரோ மிகப் பழையது; விண்டோஸ் 7 என்னும் இயங்குதளத்துக்குப் பிற்பட்டவற்றில் அது இயங்குவதில்லை. அவ்வியங்குதளம் 2009இல் வெளிவந்தது. 2020 சனவரியோடு அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுமக்களுக்கு நிறுத்தப்பட்டன. ஆகவே அப்பொறியை இணையத்தோடு பிணைக்காமல், மூலையிலிட்டு ஆண்டுவந்தோம். ஒருநாள் அதன் வட்டு பழுதுற்றது. புதிய வட்டிட்டு, இயங்குதளத்தை மீண்டும் நிறுவினோம். பொறி உயிர்பெற்றது, ஸ்கேனரை மட்டும் அது கண்டுகொள்ளவில்லை.

பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவரை அழைத்துவந்து காட்டினோம். அவர் 'டிவைஸ் மேனேஜர்' என்னும் பட்டியலைத் திறந்தார். அதில் இரண்டு வரிகளின்மேல் மஞ்சள் வியப்புக்குறி நின்றது. முதல் வரியில் 'எளிய தொடர்புக் கட்டுப்பாட்டுக் கருவி' என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடர் இருந்தது. "தம்பி, தொடர்பு கொள்ளும் பாகமே எரிந்துபோயிற்று, அதனால்தான் ஸ்கேனரோடு பேசமாட்டேன் என்கிறது. போர்டை மாற்ற வேண்டும்; மாற்றுவதைக் காட்டிலும் புதிய பொறி வாங்குதல் நலம்" என்று சொல்லி, விலையும் சொன்னார். அவர் சொன்ன தொகை எம் துறையின் ஓராண்டு நூற்செலவுக்கு மிகுதியாயிருந்தது. புதிய பொறி வந்தால் பழைய ஸ்கேனரும் பயனற்றதாகும். மலர்த்தொகுதிகள் செல்லுக்கே இரையாகும். எனவே, முடிவு செய்யுமுன் அவ்வரியின் பொருளை யாமே ஆராய்ந்து பார்ப்பதென்று துணிந்தோம்.

அவ்வரியைத் திறந்து உள்ளே நோக்கின், கருவியின் அடையாளக் குறி காணப்படும். எமக்குக் கிடைத்தது இது: பிசிஐ, வெண் 8086, டெவ் 1ஈ3ஏ, ரெவ் 04. கீழே மற்றொரு வரியில், சிசி 0780. இரண்டாவது மஞ்சட்குறிக்கு உரியது: பிசிஐ, வெண் 8086, டெவ் 1ஈ31, சிசி 0சி0330. பெல்ஷாத்சாரின் விருந்து மண்டபத்துச் சுவரில் எழுத்து எல்லார் கண்முன்னும் இருந்தும், ஞானிகள் பொருள் கூறமாட்டாது திகைத்தாற்போல யாமும் திகைத்தோம்.

எண்ணினிடையே எழுத்து வருவது முதலில் மருட்சி தருவது. ஆயினும் தமிழ் மாணவர்க்கு இதில் மருள்வதற்கு என்ன உளது? நம் முன்னோர் ககரத்தை ஒன்றென்றும், உகரத்தை இரண்டென்றும், அகரத்தை எட்டென்றும் எழுதினர். பத்துக்கு ஒன்றும் சுழியுமாக ஈரிலக்கம் இடாமல், ௰ எனத் தனிக்குறி ஒன்றே இட்டனர். கணிப்பொறியாளரும் பதினாறை அடியாகக் கொண்டு எண்ணுமிடத்து அவ்வாறே செய்தனர்: பத்து முதல் பதினைந்து வரையுள்ள ஆறெண்களுக்கும் ஆங்கில நெடுங்கணக்கின் ஏ முதல் எஃப் வரையுள்ள ஆறெழுத்துகளைத் தனிக்குறியாக்கினர். ஆகவே 1ஈ3ஏ என்பது ஒரு சொல்லன்று. 7738 என்னும் எண்ணேயாம். நான்கிலக்கங்களால் இம்முறையில் 65,536 குறிகள் அமைக்கலாம்.

இனி, பொருள் காணும் வழி யாது? பிரின்செப் என்பார் 1837இல் பிராமி எழுத்தைப் படித்த வரலாற்றை எம் கல்வெட்டியல் வகுப்பில் கேட்டிருந்தோம். சாஞ்சித் தூபத்து வேலிக்கற்களில் உள்ள சிறு சிறு கல்வெட்டுகள் பலவும் ஒரே ஈரெழுத்தில் முடிதலைக் கண்டு, அது கொடையைக் குறிக்கும் 'தானம்' என்னும் சொல்லாதல் வேண்டுமென்று அவர் உய்த்துணர்ந்தார். பலவிடத்தும் மாறாது வருவது எது, இடந்தோறும் மாறுவது எது என்று பிரித்துக் காண்பதே அம்முறையின் உயிர். யாமும் அவ்வாறே செய்தோம். பட்டியலிலுள்ள பழுதற்ற கருவிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, அவற்றின் குறிகளைத் தாளில் எழுதினோம். ஏறத்தாழ எல்லாவற்றிலும் 8086 என்பது வந்தது. அதனைத் தொடரும் எண் மட்டும் வேறுபட்டது. ஒலிக்கருவிக்கு 1ஈ20, எஸ்எம்பஸ் என்னும் உள்வழிக்கு 1ஈ22. முதலெண் குடிப்பெயர், இரண்டாமெண் இயற்பெயர் என்பது அப்பொழுதே புலனாயிற்று.

அம்முடிபு சரியே என்பதைப் பின்னர்க் கற்றறிந்தோம். 1992இல் இன்டெல் நிறுவனம் வகுத்த பிசிஐ என்னும் இணைப்பு முறையில், பொறி விழித்தெழுந்தவுடன் ஒவ்வோரிடத்தையும் நோக்கி 'யார் அங்கே?' என்று வினவும். அங்கிருக்கும் கருவி, தன்னை ஆக்கியோன் எண்ணையும் தன் எண்ணையும் விடையாகத் தரும். ஒருவரும் இல்லையெனில் நான்கிலக்கமும் எஃப் என வரும். எம் வகுப்பில் வருகைப்பதிவு எடுக்குமிடத்து வராதவர் இடம் மௌனமாயிருக்கும். கணிப்பொறியின் வகுப்பிலோ மௌனத்துக்கும் ஒரு குறி உண்டு.

8086 என்பது இன்டெல் நிறுவனத்தின் எண். ஏன் அவ்வெண்? 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட, ஏறத்தாழ 29,000 டிரான்சிஸ்டர்கள் கொண்ட செயலியின் பெயர் 8086. அதன் தம்பியாகிய 8088 என்பதனை வைத்தே ஐபிஎம் நிறுவனம் 1981இல் தன் தனியாட் கணிப்பொறியைச் சமைத்தது. அப்புகழ்பெற்ற எண்ணையே பின்னாளில் குடிப்பெயராகச் சூட்டிக்கொண்டனர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பதினாறின் அடியில் எழுதிய 8086 என்பதன் உண்மை மதிப்பு 32,902. எனவே அவர் தேர்ந்தது எண்ணின் மதிப்பையன்று, அதன் முகத்தையே. எஸ்-3 என்னும் நிறுவனத்தார் செய்த சிலேடை இதனினும் நயமுடையது. அவர்தம் எண் 5333. எழுத்துகளை எண்ணாக்கும் ஆஸ்கி முறையில் 53 என்பது எஸ் என்னும் எழுத்தையும், 33 என்பது 3 என்னும் இலக்கத்தையும் குறிக்கும். தம் பெயரையே எண்ணாக்கிப் பொறித்துவிட்டனர். காளமேகம் இக்காலத்திருப்பின் இக்கலையில் கைவைத்திருப்பார் என்பதில் எமக்கு ஐயமில்லை.

நிற்க. இயற்பெயராகிய 1ஈ3ஏ யாது என்பதே எம் வினா. இதற்கு உய்த்துணர்வு போதாது, நிகண்டு வேண்டும். அத்தகைய நிகண்டொன்று உளது. செக் நாட்டவராகிய மார்ட்டின் மரேஷ் என்பார் தொடங்கிய பிசிஐ அடையாளப் பட்டியல் அது. உலகெங்குமுள்ள தன்னார்வலர் தத்தம் பொறிகளில் கண்ட குறிகளை அதில் சேர்த்து வருகின்றனர். லினக்ஸ் இயங்குதளங்கள் அதனைத் தம்முடன் கொண்டே வருகின்றன. அட்டவணை, அலங்காரம் ஒன்றுமில்லாத வெறும் எழுத்துக்கோப்பு அது. திவாகரமும் பிங்கலமும் பெயர்களைத் தொகுதி தொகுதியாக வகுத்தாற்போல, அதுவும் ஆக்கியோன் பெயரின்கீழ்க் கருவிகளை நிரல்பட வைத்துள்ளது. அதில் 8086இன்கீழ் 1ஈ3ஏ என்பதற்குக் கண்ட பொருள்: ஏழாம் வரிசைச் சில்லுத்தொகுதியின் 'மேனேஜ்மென்ட் எஞ்சின்' என்னும் நிர்வாகப் பொறிக்கான இடைமுகம். ஸ்கேனருக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. அது எரியவுமில்லை. அதற்குரிய டிரைவர் நிறுவப்படவில்லை, அவ்வளவே.

அங்ஙனமாயின் 'எளிய தொடர்புக் கருவி' என்று பொறி பகர்ந்ததேன்? சிசி 0780 என்னும் ஈற்றுக் குறியே காரணம். அது கருவியின் வகையைச் சொல்வது. 07 என்பது தொடர்புக் கருவிகளின் வகை. 80 என்பது 'பிற' என்னும் உட்பிரிவு. சிறப்புப்பெயர் தெரியாதவிடத்து இயங்குதளம் பொதுப்பெயரைச் சொல்லி நின்றுவிடுகிறது. நம் பழைய அகராதிகளில் அரிய செடிகொடிகளுக்கு நேரே 'ஓர் மரம்' என்றிருப்பதை மாணவர் அறிவர். அகராதியில் 'ஓர் மரம்' என்று கண்டு, அம்மரம் பட்டுப்போயிற்று என்று முடிவு கட்டுவாரை யாம் என்னென்போம்? கடைக்காரர் செய்தது அதுவே. அவரிடம் கரவு இருந்ததென்று யாம் சொல்லவில்லை. 'தொடர்பு' என்னும் சொல்லைக் கண்டார், தொடர்பறுந்த ஸ்கேனரைக் கண்டார், இரண்டையும் முடிச்சிட்டார். உரையாசிரியருள்ளும் இவ்வாறு சொல்லொற்றுமை கண்டு பொருள் மயங்கினார் உளர்.

விடை இரண்டாவது குறியில் இருந்தது. 1ஈ31 என்பது மூன்றாந் தலைமுறை யூஎஸ்பி இணைப்பின் கட்டுப்பாட்டுக் கருவி. 2009இல் பிறந்த விண்டோஸ் 7இற்கு அதனை இயக்கும் அறிவு இயல்பில் இல்லை. சில்லுத்தொகுதியோ 2012இல் வந்தது. பழைய வட்டில் அதற்குரிய டிரைவர் இருந்தது. வட்டு போனவுடன் அதுவும் போயிற்று. பொறியின் பின்புறம் சென்று நோக்கினோம். ஸ்கேனரின் கம்பி நீலநிற வாயிலில் செருகப்பட்டிருந்தது. நீலம் மூன்றாந் தலைமுறைக்குரிய நிறம். அதனைப் பிடுங்கி, அடுத்துள்ள கரிய வாயிலில் செருகினோம். ஸ்கேனர் ஒருமுறை முனகி, விளக்கேற்றிக்கொண்டது. செலவு ஒன்றுமில்லை.

இக்கதையை யாம் எழுதியது எம் திறத்தைப் பறைசாற்றவன்று. திறம் அந்த நிகண்டினது. எழுதியது ஒரு கருத்தை வற்புறுத்தவே. பொற்கொல்லர் தம்முள் பொன்னை எப்பெயரிட்டழைப்பினும் கேட்பார்க்கு வழக்கில்லை. ஆனால் பொன்னை விலைக்கு விற்ற பின்னரும், 'உன் கையிலிருப்பது யாதென்று யாம் சொல்லோம்' என்பாராயின் அது தகுதிவழக்காகாது. கணிப்பொறி எம் துறையின் உடைமை. அதனுள் இருக்கும் உறுப்பு ஒவ்வொன்றின் பெயரையும் அறிதல் உடையார்க்கு உரிமை. ஆக்குவோர் எண்ணை மட்டும் பொறித்து, அதன் பொருளைத் தம் ஏட்டில் பூட்டிவைத்தல் முறையன்று. இன்டெல் நிறுவனம் தன் சில்லுத்தொகுதிகளின் எண்களையேனும் தொழில்நுட்ப ஏடுகளில் அச்சிட்டு வெளியிடுகிறது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பெயரளவில் நின்றுவிடுகிறது அவ்வெளியீடு.

'மேனேஜ்மென்ட் எஞ்சின்' என்று பெயரறிந்த பின்னர் அது யாதென்று அறிய விழைந்தோம். அது சில்லுத்தொகுதியினுள் உறையும் மற்றொரு சிறு கணிப்பொறி; பெரிய பொறி அணைக்கப்பட்டிருப்பினும் மின்னிணைப்பு உள்ளவரை விழித்திருக்க வல்லது. எம் பொறியில் இரண்டு பொறிகள் குடியிருந்ததை ஒரு மஞ்சட்குறி வராவிடின் யாம் என்றும் அறிந்திரோம். அதன் உள்ளியல்பை ஆக்கியோர் முழுதும் வெளியிட்டாரல்லர். 2017 மே திங்களில் ஒரு குறை வெளிப்பட்டது: தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதி கொண்ட அலுவலகப் பொறிகளில், கடவுச்சொல்லுக்குரிய மறுமொழி வெறுமையாக இருப்பினும் வாயில் திறந்தது. அவ்வாண்டு நவம்பரில் மேலும் சில குறைகளை அந்நிறுவனமே அறிவித்துத் திருத்தங்களும் வெளியிட்டது. அதன் பிற்காலப் பதிப்பில் மினிக்ஸ் என்னும் இயங்குதளம் உள்ளதென்று ஆய்வாளர் கண்டுணர்ந்தபொழுது, அதனை இயற்றிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் அவர்களுக்கே அது புதுச்செய்தியாயிருந்தது. அந்நிறுவனத்துக்கு வெளிப்படையாக ஒரு மடலும் எழுதினார். நூலாசிரியனுக்கே தன் நூல் எவ்வீட்டில் உளதென்று தெரியாத நிலை!

இதற்கு மறுப்புரைப்பார் உளர். பொதுமக்களுக்கு இவ்வெண்களால் பயனில்லை, மருந்துண்பார் வேதியியல் கற்றுக்கொண்டா உண்கின்றனர் என்பர். மருந்தினும் உட்பொருளின் பெயர் அட்டையில் அச்சிடப்பட்டே வருகிறது என்பதை அவர் மறந்தார். உண்பவர் படிப்பதற்காக மட்டுமன்று. உண்டவர் மயங்கி வீழ்ந்தால், உடனிருப்பவர் மருத்துவரிடம் காட்டுதற்காகவும் அன்றோ அது? வேறு சிலர் கள்ளப்பொருள் செய்வார்க்கு இது வழிகாட்டும் என்பர். கள்ளப்பொருள் செய்வார் எண்ணின் பொருளை அறிந்தே செய்கின்றனர். அறியாதார் வாங்குவோர் மட்டுமே.

இவ்விடத்து, 2014 அக்டோபரில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாது விடுதற்கில்லை. கிளாஸ்கோ நகரத்து எஃப்டிடிஐ என்னும் நிறுவனம், பழைய தொடர் இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் சில்லுகளைச் செய்வது. அவற்றைப் போலச் செய்த போலிச் சில்லுகள் சந்தையில் மலிந்தன. போலிகளும் தம் அடையாளமாக அதே 0403, 6001 என்னும் எண்களையே சொல்லின. சினந்த அந்நிறுவனம் புதிய டிரைவர் ஒன்றை வெளியிட்டது. அது போலிச் சில்லைக் கண்டால், அதன் இரண்டாம் எண்ணைச் சுழி நான்காக மாற்றி எழுதிற்று. விண்டோஸின் தானியங்கு புதுப்பிப்பின் வழியே அது பலர் வீட்டுள் சென்றது. இயற்பெயர் அழிந்த கருவிகளைப் பொறிகள் கண்டுகொள்ளாவாயின. பொய்ப்பெயர் சூடியது போலியின் குற்றம், அதில் ஐயமில்லை. ஆனால் தண்டம் பெற்றது யார்? போலியென்று அறியாது விலைகொடுத்து வாங்கிய மாணவரும் தொழிலாளருமே. எதிர்ப்பு மிகவே, அப்பதிப்பு புதுப்பிப்பினின்றும் நீக்கப்பட்டது. ஒருவன் உடைமையினுள் புகுந்து, அவனறியாமல் பெயரைச் சுரண்டியெடுத்தல் எவ்வரசன் முறைமையிலும் நீதியாகாது என்பதே எம் துணிபு. கல்வெட்டில் முன்னோன் பெயரைச் செதுக்கி நீக்கிய மன்னரைக் குறித்து வரலாற்று மாணவர் நன்கு பேசுவர். இதனைக் குறித்தும் அவர் ஒரு சொல் பேசலாம்.

தானியேலைப்பற்றி முன்னர்ச் சொன்னோம். அரசன் தருவதாக அறிவித்த பரிசில்களை வேண்டாவென்று மறுத்துவிட்டே அவன் சுவரெழுத்துக்குப் பொருள் விரித்தான் என்பது வேதாகமத்துள் எமக்கு மிகவும் உவப்பான இடம். அந்த எழுத்துக்கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்க்கும் கூலியில்லை; ஒரு கருவியைத் திறந்து, எண்ணைக் கண்டு, இது இன்னதென்று எழுதிவிட்டுப் போகின்றனர். ஏட்டுச்சுவடிகளைத் தேடியலைந்து பதிப்பித்த பெரியோரைப் போற்றும் எம் வகுப்பினர், இவர்களையும் அவ்வரிசையின் கடைக்கோடியிலேனும் இருத்திவைத்தல் தகும். சுவடியில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாவிடின் பாட்டு ஒன்று மங்கும். இங்கே ஓர் எண்ணுக்குப் பொருள் தெரியாவிடின் பயன்படும் பொறி குப்பைக்குப் போகும். எம் பொறியும் அன்று மாலை அவ்வழியே போகவிருந்தது.

எம் பேராசிரியர் அவர்கள் இதனைக் கேட்டு நகைத்து, "குழூஉக்குறிக்கு இனி இதனையும் எடுத்துக்காட்டாக எழுதுவீர்களோ?" என்று வினவினார்கள். தேர்வில் எழுதும் துணிவு எமக்கில்லை. ஆனால் ஒரு சிறு தாளில் 1ஈ3ஏ, 1ஈ31 என்னும் இரண்டு குறிகளையும் அவற்றின் பொருளையும் எழுதி, பொறியின் பக்கத்தில் ஒட்டிவைத்தோம். அதன் கீழே, நூலக அண்ணன் தம் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'நீல ஓட்டையில் செருக வேண்டாம்.'